லாம்ப்டன் ஏன் முக்கோணத்தைத் தேர்ந்தெடுத்தார்?

1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10 அன்று சென்னைப் பரங்கிமலை அருகே ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார்கள். தெற்கே பெரும்பாக்கம் குன்றின் பக்கம் வரை ஏழரை மைலுக்குச் சற்று மேல். சக்கரம் உருட்டி அளந்திருந்தால் ஒரு காலைப்பொழுதில் முடிந்திருக்கக்கூடிய தூரம். நில அளவைக்குப் பொறுப்பேற்ற ஆங்கிலேயப் படை அதிகாரி வில்லியம் லாம்ப்டனும் அவருடைய ஆட்களும் மே மாதப் பிற்பகுதி வரை, கோடை வெயிலில், அந்த ஒரே கோட்டிலேயே நின்றார்கள்.

அறிவியல் பணியிலோ பொறியியல் பணியிலோ எந்த முறையைக் கையாள்வது என்ற கேள்வி எழும்போதெல்லாம் எனக்கு இந்த நிகழ்வுதான் நினைவுக்கு வரும். வழக்கமாக நாம் வேகம், செலவு, நுணுக்கம் என்ற மூன்றை வைத்து எடை போடுகிறோம். லாம்ப்டன் நான்காவதாக ஒன்றைப் பார்த்தார்: வேலையில் பிழை நேர்ந்தால் அதை அந்த முறையே காட்டிக்கொடுக்குமா? இந்தக் கேள்விதான் மற்ற மூன்றைவிட முக்கியமானது என்பது என் கருத்து. ஏன் என்பதை அவருடைய வேலையைக் கொண்டே சொல்லிப் பார்க்கிறேன்.

கையில் இருந்த மூன்று வழிகள்

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து, திப்புவின் நாடு கிழக்கிந்தியக் கம்பெனியின் பிடிக்குள் வந்தது. பிடித்த நாட்டுக்கு வரைபடம் வேண்டும். அப்போது வழக்கில் இருந்தது வழி அளவை. சாலையில் ஒருவர் அளவுச் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு போவார். இன்னொருவர் திசைகாட்டியில் திசையைப் பார்த்துக் குறித்துக்கொள்வார். படை நடக்கும் வேகத்திலேயே வரைபடமும் வளரும். ஆனால் சாலையின் ஒவ்வொரு வளைவையும் ஒவ்வொரு ஏற்ற இறக்கத்தையும் சக்கரம் தூரமாகவே எண்ணும். மணலில் வழுக்கும், கல்லில் துள்ளும். இதையெல்லாம் அனுபவத்தால் ஓரளவு கழித்துக்கொள்ளலாம். கழிக்க முடியாத குறை வேறு: அந்த எண் சரியா, தவறா என்று கேட்க ஆள் இல்லை. சென்னையில் புறப்பட்டு மங்களூரில் போய் நின்றால் சக்கரம் ஒரு தூரத்தைச் சொல்லும். அதை எதனோடு ஒப்பிடுவது?

இரண்டாவது வழி வானியல். நுங்கம்பாக்கத்தில் 1792 முதலே கம்பெனியின் வானாய்வகம் இருந்தது. அட்சரேகையைக் காண்பது எளிது. நல்ல கருவியும் தெளிந்த வானமும் இருந்தால் போதும். தீர்க்கரேகை அப்படியல்ல, அது நேரத்தைச் சார்ந்தது. வியாழன் கோளின் நிலவுகள் அதன் நிழலுக்குள் மறையும் கணத்தைக் குறித்து, இரண்டு ஊர்களின் நேர வேறுபாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். நிலவோ விளக்கை அணைத்ததுபோல் சட்டென்று மறையாது, மங்கி மங்கித்தான் மறையும். பத்து நொடி தவறினால் சென்னையின் அட்சரேகையில் நாலரைக் கிலோமீட்டர் போய்விடும். எனினும் இந்த முறையில் ஒரு பெரிய நன்மை உண்டு; அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. ஓர் ஊரில் நேர்ந்த பிழை அடுத்த ஊருக்குத் தொற்றாது. ஒவ்வொரு ஊரும் வானத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறது.

மூன்றாவது வழி முக்கோண அளவை. ஒரே ஒரு கோட்டை மிகுந்த கவனத்தோடு அளக்க வேண்டும். அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஒரு குன்றைப் பார்த்துக் கோணங்களை எடுத்தால் மற்ற இரண்டு பக்கங்களும் கணக்கிலேயே கிடைத்துவிடும். கிடைத்த பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம், அதன் மேல் இன்னொன்று. தூரத்தை அளப்பது கடினம், கோணத்தை அளப்பது ஒப்பீட்டளவில் எளிது என்ற உண்மைதான் இதற்கு அடித்தளம். ஆனால் இது மெதுவாக நகரும் வேலை. கனமான கருவி வேண்டும். அந்தக் கருவி நிற்க உயரமான இடங்கள் வேண்டும். ஆண்டுக்கணக்கில் சம்பளம் கொடுக்க மனமுள்ள அரசு வேண்டும்.

லாம்ப்டன் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார். நாட்டு வரைபடம் மட்டும் அவருடைய நோக்கம் அல்ல. பூமியின் வடிவத்தையே அளந்தறிய வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது. அந்த அறிவியல் ஆசையும் அரசின் தேவையும் ஒரே முறையில் வந்து சேர்ந்தன. அவர் ஆசைப்பட்டதனால் முறை தவறாகிவிடாது. ஆனால் நோக்கம் இரண்டு என்பதைக் கணக்கில் கொள்ளாவிட்டால், இவ்வளவு பாடு எதற்கு என்பது நமக்குப் புரியாது.

சங்கிலி, பெட்டி, வெப்பமானி

தூரத்தை அளந்தது எஃகுச் சங்கிலி. நூறு அடி நீளம், இரண்டரை அடிக் கண்ணிகள் நாற்பது. லண்டனில் ராம்ஸ்டன் பட்டறையில் செய்யப்பட்டு, மெகார்ட்னி பிரபுவின் பிரிட்டிஷ் தூதுக்குழுவோடு சீனப் பேரரசருக்குப் பரிசாகப் போய், அங்கே ஏற்கப்படாமல் கல்கத்தா வழியாக லாம்ப்டனின் கைக்கு வந்த சங்கிலி அது. அதைத் தரையில் போட்டு இழுக்கவில்லை. முக்காலிகளின் மேல் நீண்ட மரப்பெட்டிகளை வரிசையாக வைத்து, திருகுகளால் மட்டம் பார்த்து, அவற்றுக்குள் சங்கிலியைக் கிடத்தினார்கள். ஒரு முனையைப் பிணைத்து மறுமுனையில் எடை கட்டி, ஒவ்வொரு முறையும் ஒரே இழுப்பு இருக்கும்படி செய்தார்கள். பெட்டிகளில் வெப்பமானிகளும் இருந்தன.

வெப்பமானி எதற்கு? கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு அடி எஃகு, ஒரு டிகிரி பாரன்ஹீட் ஏறினால், ஓர் அங்குலத்தில் நூறில் முக்கால் பங்குதான் நீளும். கண்ணுக்கே தெரியாத அளவு. ஆனால் சென்னையின் ஏப்ரல் மாதத்தில் விடியற்காலைக்கும் நண்பகல் வெயிலுக்கும் இடையில் ஓர் உலோகத்தின் வெப்பம் 40 டிகிரி மாறலாம். அப்படியானால் சங்கிலி ஒன்றுக்கு 0.3 அங்குலம். ஏழரை மைலுக்குச் சங்கிலியை ஏறத்தாழ 400 தடவை நீட்ட வேண்டும். மொத்தம் 120 அங்குலம், அதாவது பத்து அடி. இந்தப் பத்து அடிப் பிழை பரங்கிமலையோடு நின்றுவிடாது. இப்படி நேராக அளந்த அடிப்படைக் கோடு எந்த விகிதத்தில் தவறுகிறதோ, அதே விகிதத்தில் அதன் மேல் எழும் ஒவ்வொரு முக்கோணமும் தவறும். சென்னைக்கும் மங்களூருக்கும் இடையில் அது நூற்றுக்கணக்கான அடியாகப் பெருகிவிடும்.

ஆகவே எங்கே கஞ்சத்தனம் கூடாது, எங்கே தாராளமாக விடலாம் என்பதை அந்த முறையின் அமைப்பே சொல்லிவிட்டது. தூரத்தை ஒரே இடத்தில், எல்லாப் பாடும் பட்டு அளந்துவிட்டு, மற்ற இடங்களில் கோணத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். நடைமுறைக்கு உகந்த முறை என்றால் சுலபமான முறை என்று பலர் நினைக்கிறார்கள். கடினத்தை ஓரிடத்தில் குவித்து மற்ற இடங்களை இலேசாக்கும் முறையும் நடைமுறைக்கு உகந்ததுதான். பெரிய வேலைகளில் பெரும்பாலும் அதுவே வெல்கிறது.

கோணத்துக்கு வந்தது லண்டனில் கேரி என்பவர் செய்த பெரிய தியோடலைட். கிடைவட்டத்தின் விட்டம் மூன்று அடி, எடை அரை டன். வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்து மொரீஷியசுக்குக் கொண்டுபோனார்கள். அறிவியல் கருவி என்று அறிந்ததும் மரியாதையோடு சென்னைக்கு அனுப்பிவைத்தார்கள்.

தவறு ஒளிந்துகொள்ள இடமில்லை

முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் 180 டிகிரி வர வேண்டும். பூமி உருண்டை என்பதால் பெரிய முக்கோணங்களில் அதற்குச் சற்று மேல் வரும். பக்கம் 50 கிலோமீட்டர் என்றால் ஐந்தரை விகலை அளவு (ஒரு டிகிரியில் 3600இல் ஒரு பங்கு ஒரு விகலை). அந்த மிகுதியையும் முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். ஆக, ஒவ்வொரு முக்கோணமும் மூன்றாவது கோணத்தை அளந்த கணத்திலேயே தன் தரத்தைச் சொல்லிவிடுகிறது. கணக்குக்கு இரண்டு கோணமே போதும். மூன்றாவது வீண் வேலைபோலத் தோன்றும். அந்த மிகை அளவைதான் இந்த முறையின் உயிர்.

இதற்கு மேலும் ஒரு சோதனை வைத்தார்கள். பெங்களூர் அருகே 1804இல் இன்னொரு கோட்டைச் சங்கிலியால் அளந்தார்கள். அந்தக் கோட்டின் நீளம் சென்னையிலிருந்து முக்கோணம் முக்கோணமாக வந்த கணக்கிலும் கிடைத்திருந்தது. சுமார் 180 மைல் கடந்து வந்த கணக்கும் தரையில் நேராக அளந்ததும் ஏழு மைல் நீளத்தில் நான்கு அங்குலத்துக்கும் குறைவாகவே வேறுபட்டன. இந்த எண்ணைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புதான். மூன்று அடி வட்டத்தில் கண் வைத்துப் பார்த்து, காகிதத்தில் மடக்கைக் கணக்குப் போட்டு வந்த எண் இது.

முக்கோணச் சங்கிலி மங்களூரை எட்டியபோது இன்னொன்றும் தெரிந்தது. அதுவரை நம்பியிருந்த வரைபடங்கள் தீபகற்பத்தின் அகலத்தை ஏறத்தாழ 40 மைல் கூட்டிக் காட்டியிருந்தன. 360 மைலுக்கு 400 மைல். வழி அளவை செய்தவர்கள் சோம்பேறிகள் அல்லர். அவர்கள் கையில் இருந்த முறைக்கு வாய் இல்லை, அவ்வளவுதான்.

எதிர்ப்பில் இருந்த நியாயம்

சென்னை அரசின் நிதிக்குழு உறுப்பினர் ஒருவர் இந்தச் செலவை எதிர்த்தார். ஸ்ரீரங்கப்பட்டணம் போக வேண்டுமென்றால் பல்லக்குத் தூக்கிகளின் தலைவனிடம் சொன்னால் போதும், லாம்ப்டனின் வரைபடம் இல்லாமலே அவன் கொண்டுபோய்ச் சேர்ப்பான் என்பது அவர் வாதம். இதை எடுத்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் அவரை அறியாதவராகக் காட்டுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பயணிக்கு அவர் சொன்னதுதான் உண்மை. சத்திரம் எங்கே, ஆற்றை எந்தத் துறையில் கடப்பது, எத்தனை நாழிகை நடை என்பவைதான் பயணிக்கு வேண்டும். அரை விகலைக் கோணம் அவனுக்கு எதற்கு?

அதே காலத்தில் மைசூர்ப் பகுதியை அளந்த காலின் மெக்கென்சியைப் பாருங்கள். அவருடைய குழு ஊர், குளம், கோட்டை, வயல் என்று விவரமாக வரைந்தது. கூடவே வரலாற்றுக் குறிப்புகளையும் ஓலைச்சுவடிகளையும் கல்வெட்டுப் படிகளையும் சேர்த்தது. லாம்ப்டனின் தாளிலோ குன்றுகளும் கோடுகளும்தான் உண்டு, இடையில் வெறுமை. வருவாய்த்துறை அதிகாரி ஒருவருக்கு எது உதவும் என்று கேட்டால் மெக்கென்சியின் தாளைத்தான் கைகாட்ட வேண்டும். ஆனால் பக்கத்துப் பக்கத்து மாவட்டத் தாள்களை ஒட்டிப் பார்க்கும்போது ஆறு ஒரு தாளில் முடிந்த இடத்தில் அடுத்த தாளில் தொடங்க வேண்டுமே. அந்த ஒட்டுக்கு லாம்ப்டனின் எலும்புக்கூடு தேவை. ஒரு வேலையின் எல்லா அடுக்குக்கும் ஒரே துல்லியத்தைக் கோருவது பணத்தைக் கொட்டுவது. எந்த அடுக்கிலும் கோராமல் விடுவது கடைசியில் எதுவும் ஒட்டாமல் போவது.

தஞ்சையில் அறுந்த கயிறு

காவிரிப் படுகையில் முறை திணறியது. குன்றே இல்லை. எங்கு திரும்பினாலும் தென்னந்தோப்பு. இருபது மைல் தள்ளியிருக்கும் கொடியைப் பார்க்க வேண்டுமானால் மரங்களுக்கு மேலே போயாக வேண்டும். அந்த மண்ணில் மரங்களுக்கு மேலே எழுந்து நிற்பவை கோயில்கள்தாம். எனவே கோபுரங்களின் மேல் ஏறினார்கள். சோழர் காலத்துச் சிற்பிகளும் பின்வந்த நாயக்கர்களும் கட்டிவைத்த உயரத்தின் மேல் நின்றுதான் அந்தப் படுகை அளக்கப்பட்டது.

1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் தியோடலைட்டை ஏற்றும்போது, பெட்டி சுவரில் மோதாமல் விலக்கிப் பிடித்திருந்த கயிறு அறுந்தது. அரை டன் கருவி சுவரில் போய் மோதியது. பெட்டிக்குள் இருந்த மூன்று அடி வட்டம் நெளிந்துவிட்டது. கோணம் அளக்கும் கருவியில் வட்டமே நெளிந்தால் மிச்சம் என்ன இருக்கிறது? லண்டனுக்கு அனுப்பித் திருத்தலாம். கப்பல் போய்வர ஓராண்டுக்குக் குறையாது.

லாம்ப்டன் கருவியோடு உள்ளே புகுந்து கதவடைத்துக்கொண்டார். முழுவதையும் பிரித்துப் போட்டார். தட்டையான பெரிய பலகையில் வட்டம் எந்த அளவு இருக்க வேண்டுமோ அதே அளவில் ஒரு வட்டத்தை வெட்டினார். நெளிந்த வளையத்தை அதில் வைத்து, ஆப்பு, திருகு, கப்பி கொண்டு, மெல்ல மெல்ல இழுத்து அந்த விளிம்புக்குப் பொருத்தினார். வளைந்துபோன ஆரக்கால்களைச் சிறிய மரச்சுத்தியலால் தட்டி நேராக்கினார். ஆறு வாரம் ஆயிற்று. கருவி ஏறத்தாழப் பழைய வடிவுக்கு வந்தது.

இங்கேயும் முறையின் அமைப்புதான் கைகொடுத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். தட்டி நேராக்கிய வட்டத்தை நம்பலாமா? வேறு எந்த வேலையிலாவது இந்தக் கேள்விக்கு விடை கிடைக்க மாதக்கணக்கில் ஆகும். இங்கே அடுத்த முக்கோணத்தின் மூன்று கோணங்களைக் கூட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். பழுதடைந்தால் களத்திலேயே திருத்தவும் திருத்தியதைக் களத்திலேயே சோதிக்கவும் இடம் தரும் முறைக்கு, பட்டியலில் வராத ஒரு மதிப்பு இருக்கிறது.

எவரெஸ்ட் மாற்றியவை

1823இல் லாம்ப்டன் இன்றைய மகாராஷ்டிரத்தின் இங்கன்காட்டில் இறந்தார். பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்ட் அவருடைய கருவிகளில் பலவற்றை ஒதுக்கினார். சங்கிலிக்குப் பதில் பித்தளையும் இரும்பும் இணைந்த ஈடுசெய் கம்பிகள் வந்தன. இரண்டு உலோகங்களும் வெப்பத்தில் வெவ்வேறு அளவு நீள்வதையே பயன்படுத்தி, இரண்டு குறிகளுக்கு இடையிலான தூரத்தை மாறாமல் வைத்திருக்கும் அமைப்பு அது. கங்கைச் சமவெளியில் கோபுரம் கிடையாது. கல்லும் செங்கல்லும் கொண்டு கோபுரம் கட்டினார்கள். பகலில் புழுதி மறைத்ததால் இரவில் விளக்கேற்றிக் கோணம் எடுத்தார்கள். இரவில் காற்று ஒளியை வளைத்து, பகலில் மறைந்திருக்கும் தொலைவையும் மேலே தூக்கிக் காட்டுகிறது. குறை என்று கருதப்பட்ட ஒளிவிலகலே அங்கே வசதி ஆயிற்று. கருவிகளைத் திருத்தி அமைத்ததில் ஆற்காட்டிலிருந்து வந்த சையது மீர் மொஹ்சின் ஹுசைனின் கை இருந்தது. பின்னர் எவரெஸ்ட் அவரையே துறையின் கருவி வல்லுநராக நியமித்தார். கணக்கில் வங்கக் கணிதர் ராதாநாத் சிக்தாரின் கை.

கருவி மாறியது, மிகை அளவை மாறவில்லை. மூன்றாவது கோணம், தொலைவில் இன்னொரு அடிப்படைக் கோடு, இடையிடையே வானத்தைப் பார்த்து எடுத்த அட்சரேகை. இந்தக் கடைசிச் சோதனையில்தான் பெரிய சிக்கல் வந்தது.

ஐந்து விகலை

முக்கோண வலையின் இரண்டு நிலையங்கள்: வடக்கே கலியானா, தெற்கே கலியான்பூர். இடையில் சுமார் 600 கிலோமீட்டர். இரண்டுக்கும் உள்ள அட்சரேகை வேறுபாட்டை முக்கோணக் கணக்கு ஒன்றாகவும், நட்சத்திரங்களைப் பார்த்து எடுத்தது வேறாகவும் சொன்னது. வேறுபாடு 5.236 விகலை, தரையில் ஏறத்தாழ 160 மீட்டர். பரங்கிமலை–பெங்களூர் கணக்கில் அங்குலங்களைப் பார்த்தவர்களுக்கு இது மிகப் பெரிது.

எவரெஸ்ட் இதை அளவையில் சேர்ந்த பிழையாகக் கொண்டு முக்கோண வலையில் பகிர்ந்துவிட்டார். பொறியாளர்கள் இன்றும் செய்வதுதான். வலையில் மிஞ்சும் பிழையை எல்லாப் பக்கத்துக்கும் பிரித்துக் கொடுப்பது முறைப்படி சரியானதே. ஆனால் அது தற்செயல் பிழைக்கு மட்டும்தான் பொருந்தும்.

கல்கத்தாவில் இருந்த ஜான் ஹென்றி பிராட் என்ற பாதிரியார், கணித வல்லவர், வேறு விதமாக நினைத்தார். நட்சத்திர அளவைக்குத் தூக்குக்குண்டு காட்டும் செங்குத்துதான் ஆதாரம். வடக்கே இமயமலை என்ற மாபெரும் நிறை இருக்கும்போது அது குண்டைத் தன் பக்கம் இழுக்காதா? கலியானா இமயமலைக்கு அருகில் இருக்கிறது, கலியான்பூர் தொலைவில். இழுப்பில் உள்ள வேறுபாடுதான் இந்த ஐந்து விகலை என்றால் இரண்டு அளவைகளுமே சரிதான். மலையின் நிறையை மதிப்பிட்டுக் கணக்குப் போட்டார். விடை 15.885 விகலை. இருக்கும் வேறுபாட்டைப் போல் மூன்று மடங்கு!

அதாவது மலை, இருக்கவேண்டிய அளவுக்கு இழுக்கவில்லை. இந்த விடை வந்த 1855இலேயே ஜார்ஜ் பிடல் ஏரி என்ற ஆங்கிலேய வானியலாளர் ஒரு விளக்கம் சொன்னார்: மலைக்குக் கீழே, அடர்த்தி குறைந்த பாறை வேர்போல ஆழத்துக்கு இறங்கியிருக்கிறது, அதனால் மொத்த இழுப்பு குறைகிறது. மலைக்கு அடியில் உள்ள பொருளே அடர்த்தி குறைந்தது என்று பிராட் பின்னர் விளக்கினார். நிலவியலில் இன்று சமநிலைக் கோட்பாடு என்று படிக்கிறோமே, அது இங்கே பிறந்தது. நில அளவையில் மிஞ்சிய ஐந்து விகலை பூமியின் மேலோட்டைப் பற்றிய அறிவாயிற்று.

சக்கரமும் திசைகாட்டியும் கொண்டு அளந்திருந்தால் இந்த 160 மீட்டர் பல மைல் பிழைக்குள் மூழ்கிப் போயிருக்கும். வானியலை மட்டும் நம்பியிருந்தால் ஒப்பிட இரண்டாவது எண்ணே இருந்திருக்காது. ஒன்றையொன்று சாராத இரண்டு வழிகளில் ஒரே அளவை எடுத்ததனால்தான், அதிலும் ஒவ்வொன்றின் பிழை எல்லையும் தெரிந்திருந்ததனால்தான், இமயமலையின் அடிப்பாகத்தைப் பற்றிக் கேள்வி கேட்க முடிந்தது.

இன்றைய களத்தில்

கோணத்தையும் தூரத்தையும் சேர்த்தே அளக்கும் மின்னணுக் கருவியான டோட்டல் ஸ்டேஷனின் திரையில் மில்லிமீட்டர் வரை எண் ஒளிர்கிறது. அந்த நம்பிக்கையில், தொடங்கிய பெஞ்ச்மார்க்குக்கே (உயரம் தெரிந்த நிலைக்குறிக்கே) திரும்பி வந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்க்கும் வழக்கத்தை விட்டுவிடுகிற இளம் பொறியாளர்களை நினைத்து எனக்குக் கவலையாகவே இருக்கிறது. திரையில் தெரியும் இலக்கங்களின் எண்ணிக்கை கருவியின் திறமை. அளவை சரியா என்பது வேறு கேள்வி. முக்காலி ஒரு பக்கம் இறங்கியிருந்தாலும், ஒளியைத் திருப்பி அனுப்பும் பட்டகத்தின் உயரத்தைத் தவறாகப் பதிந்திருந்தாலும், திரை அதே மில்லிமீட்டரைத்தான் காட்டும்.

ஜிபிஎஸ் உயரத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. ஜிபிஎஸ் தருவது பூமிக்குப் பொருத்திய ஒரு கணித நீள்கோளத்திலிருந்து உள்ள உயரம். நீர் ஓடுவதோ ஈர்ப்புவிசையின்படி, தூக்குக்குண்டு காட்டும் திசைக்குச் செங்குத்தான மட்டத்தில். தென்னிந்தியாவை ஒட்டிய கடற்பரப்பில் ஈர்ப்பு குறைவு என்பதால் கடல்மட்டமே அந்த நீள்கோளத்துக்குக் கீழே ஆழ்ந்து கிடக்கிறது. சென்னைக் கடற்கரையில் ஏறத்தாழ 90 மீட்டர். இந்த இடைவெளி ஊருக்கு ஊர் மாறுகிறது. கிலோமீட்டருக்குச் சில சென்டிமீட்டர் சரிவில் வாய்க்கால் வெட்டும் வேலையில், திருத்தாத ஜிபிஎஸ் உயரத்தைப் போட்டால் தண்ணீர் எதிர்ப்பக்கம் ஓட வாய்ப்புண்டு. ஆகவே வேலை தொடங்கும் முன் உயரம் தெரிந்த இரண்டு மூன்று பெஞ்ச்மார்க்குகளில் கருவியை வைத்துப் பார்த்து, வாய்க்காலின் இரு முனைகளுக்கும் இடையே ஒரு தடவையாவது லெவலிங் (மட்டக் கருவியால் உயர வேறுபாட்டை அளப்பது) ஓட்டி, இரண்டு எண்களும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று எழுதிவைக்க வேண்டும். இதற்கு ஒரு நாளோ இரண்டு நாளோ கூடுதலாகச் செலவாகும், அவ்வளவே.